மனோரஞ்சிதத்துக்குப் பிள்ளை கொடுக்கிற ஊர்

செங்கரடு அணைக்கு மதகுகள் பத்துதான். பதினோராவதைக் கட்டியவர் எழுத்தாளர் காளிங்கன், அதுவும் சாணித் தாளில் அச்சாகி, அட்டையில் நீலப் புடவையும் ஈரக் கூந்தலுமாக ஒரு பெண் நம்மை முறைக்க, பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த ‘பதினோராம் மதகு’ என்கிற மாத நாவலில். கதை இதுதான்: அணை கட்டும்போது சுவர் நிற்காமல் இடிந்து இடிந்து விழ, ஒப்பந்தக்காரர் ஒரு கூலிப் பெண்ணின் மகளைத் தூக்கிப்போய்ப் பதினோராம் மதகின் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறார், தாய் மனோரஞ்சிதம் தண்ணீரில் விழுந்து சாகிறாள், செத்தவள் உச்சிவெயிலில் எழுந்து வந்து குடியிருப்பின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ‘என் மகள் இங்கே இருக்கிறாளா?’ என்று கேட்கிறாள். இல்லை என்று சொன்னவர்கள் காய்ந்த கட்டிலில் படுத்தபடியே நெஞ்சு நிறையத் தண்ணீரோடு சாகிறார்கள்.

பதினோரு வயதில், கரூரில் பெரியம்மா வீட்டில், நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான் அதைப் படித்தேன். எனக்குப் பிறகு படித்த பெரியம்மா மகள்களுக்குப் பயத்தில் தூக்கம் வரவில்லை, எனக்குப் பொறாமையில் வரவில்லை. எனக்கு மூன்று வயதாயிருந்தபோது பூ வாங்கிவருகிறேன் என்று போன என் அம்மா திரும்பி வரவேயில்லை. அவள் சாகவுமில்லை, ஈரோட்டில் பார்த்தேன், சேலத்தில் பார்த்தேன் என்று யாராவது வந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தி செத்துப்போன பிறகும் மகளைத் தேடிக் கதவு கதவாக ஏறி இறங்குகிறாளே, உயிரோடு இருக்கிறவளுக்கு ஒரு பஸ் பிடித்து வர முடியாதா என்று அந்த நாவலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பேய்க் கதை படித்து இப்படி அழுத பிள்ளை தமிழ்நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்புறம் வளர்ந்து, பிசியோதெரபி படித்து, அடுத்தவர் முழங்கால்களை மடக்கி நீட்டிப் பிழைத்து, கல்யாணம் செய்து, அது நிலைக்காமல் போய், நாற்பத்தேழு வயதில் ஒரு பழைய பேப்பர் கடையில் அந்த நாவலை மறுபடி பார்த்தேன். வாங்கி வந்து ஒரே மூச்சில் படித்தேன். படுமோசமாக எழுதியிருந்தார் மனிதர். நாலு பக்கத்துக்கு ஒருமுறை யாராவது ‘வீல்’ என்று அலறினார்கள், மகளுக்கு அடையாள மச்சம் மூன்றாம் அத்தியாயத்தில் இடது காதுக்குப் பின்னால் இருந்தது, பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வலது காதுக்கு மாறியிருந்தது. ஆனால் அவள் கதவைத் தட்டிக் கேட்கிற இடம் வந்ததும் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுப் பழையபடி அழுதேன். நாவலின் கடைசிப் பக்கத்தில், கதை செங்கரடு அணையில் தங்கி எழுதப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. அப்படி ஒரு ஊர் உண்மையிலேயே இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சித்திரை மாதம், கொளுத்துகிற வெயிலில், ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அணையின் அடிவாரத்தில் ஊழியர்கள் குடியிருப்பு. ஒரே மாதிரி ஓட்டு வீடுகள், ஒரே மாதிரி வராந்தாக்கள், பாதிக்கு மேல் பூட்டு. டீக்கடையில் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டதற்கு, ஷட்டர் இயக்குகிற மயில்சாமியின் மனைவி கலாமணி கேட்டால் சமைத்துப் போடுவாள் என்று அனுப்பினார்கள். வாசலில் நின்ற கலாமணி முதலில் என்னைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த அட்டையைத்தான் பார்த்தாள். முப்பது வயதுக்காரி, தூங்கிப் பலநாள் ஆனவள் போலக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அட, நம்ம புஸ்தகம்! உள்ள வாங்கக்கா, பன்னண்டாகப் போவுது. அது வர்ற நேரம். வந்துட்டுப் போனதுக்கு அப்பறம் சோறு போடறனுங்க.”

“எது வர்ற நேரம்?”

“மனோம்மாதானுங்க.” பால்காரர் வருகிற நேரம் என்பது போலத்தான் சொன்னாள்.

உள்ளே ஒரு சின்னப் பெண்ணை மனையில் உட்கார வைத்திருந்தார்கள். ஆறு வயது, பெயர் தன்ஷிகா. கலாமணி மையை விரலில் தொட்டு மகளின் இடது காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்தாள், பிறகு வலது காதுக்குப் பின்னாலும் ஒன்று. எதற்கு இரண்டு என்று நான் கேட்கவில்லை. எழுத்தாளர் கவனமாக எழுதியிருந்தால் ஒன்றோடு போயிருக்கும்.

வெயில் நிழல்களைக் காலடிக்குள் சுருட்டிக்கொண்டபோது தெருநாய்கள் எழுந்து லாரிக்கு அடியில் போய்ப் படுத்தன, குழாய்கள் தண்ணீர் வராமலே உறுமின, அணைப்பக்கமிருந்து தார்ச்சாலையில் அவள் நடந்து வந்தாள். நாவலுக்குள் வெள்ளைப் புடவை என்றுதான் எழுதியிருக்கும், அவள் நீலத்தில் வந்தாள். அட்டைப் படம் வரைந்தவருக்குத்தான் வெற்றி. முறைப்பு மட்டும் இல்லை. இருபத்தைந்து வயது இருக்கும், என்னைவிட எவ்வளவோ சின்னவள், நாள் முழுக்கக் கல் சுமந்தவளின் கூன் தோளில் இருந்தது, என் கண் அதைத்தான் முதலில் பார்த்தது. அவள் பாதம் பட்ட இடமெல்லாம் ஈரமாகி, அவள் அடுத்த அடி வைப்பதற்குள் காய்ந்தது. பூட்டிய வீடுகளைத் தாண்டி வந்து கலாமணியின் கதவைத் தட்டினாள்.

“என் மகள் இங்கே இருக்கிறாளா?”

“இருக்காளுங்க, வாங்க, உக்காருங்க” என்று கலாமணி பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள்.

அவள் வராந்தாவில் உட்கார்ந்து, குழந்தையின் முடியை ஒதுக்கி இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் பார்த்துவிட்டு, மடியில் கிடத்தி ஆட்டினாள். ஒரு மணிக்கு அணை அலுவலகத்தின் சங்கு ஊதியதும் ‘தூங்கிவிட்டாள். நாளை வருகிறேன்’ என்று குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தாள். கேட்பதற்கு ஒன்று, விடைபெறுவதற்கு ஒன்று. காளிங்கன் அவளுக்கு எழுதிக்கொடுத்த பேச்சு அவ்வளவுதான். நான் ஆச்சரியப்படவில்லை. முப்பத்தாறு வருஷமாக அவள் எங்கோ நடந்துகொண்டிருக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன், எங்கே என்பது இப்போது தெரிந்தது, அவ்வளவுதான்.

சோறு போட்டுக்கொண்டே கலாமணி சொன்னதையும், மோர் ஊற்றும்போது மயில்சாமி குறுக்கே புகுந்து திருத்தியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அணையில் நரபலி எதுவும் நடக்கவில்லை, மனோரஞ்சிதம் என்று யாரும் வேலை செய்யவுமில்லை. எழுத்தாளர் பயணியர் விடுதியில் தங்கி, கோழிக்குழம்பு சாப்பிட்டு, எல்லாவற்றையும் கற்பனையாக எழுதிக்கொண்டு போனார். தங்கள் ஊர் புத்தகத்தில் வந்துவிட்டது என்று குடியிருப்பே வாங்கிப் படித்து மகிழ்ந்துகொண்டிருந்த கோடையில் அவள் முதல்முறையாக நடந்து வந்தாள். விடுதிச் சமையல்காரர் வேலை மும்முரத்தில் ‘இங்க யாரும் இல்ல, போம்மா’ என்றார். சாயங்காலம் அவரைக் கட்டிலில் பார்த்தபோது வாய்க்குள் ஒரு கெண்டைக் குஞ்சு துள்ளிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் சரசாள் என்பவளின் கதவைத் தட்டினாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் வாசலில் வந்து நிற்கிறவரிடம் இல்லை என்று சொல்லிப் பழகாதவர்கள், அரிசி தீர்ந்துபோனால்கூட அரிசி நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்வார்கள். அந்த வாய்ப் பழக்கத்தில் சரசாள் ‘இருக்குதுங்க, உள்ள வாங்க’ என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. சொன்னபின் கொடுக்காமல் முடியுமா, இடுப்பில் இருந்த மகனைக் கொடுத்தாள். வந்தவள் பெண் பிள்ளையா ஆண் பிள்ளையா என்றெல்லாம் பார்க்கவில்லை. ஒரு மணிச் சங்குக்குப் பிள்ளை பத்திரமாகத் திரும்பி வந்தது. அன்றைக்கு ஊர் கற்றுக்கொண்டது, அவளுக்குப் பிள்ளை கொடுத்தால் போதும் என்று.

முதலில் அழுதுகொண்டே கொடுத்தார்கள். பிறகு கோயில் திருவிழாவில் மண்டகப்படி பிரிப்பது போல வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். முறை வந்த வீட்டில் பாயசம் வைத்தார்கள், முறை வந்த பிள்ளைக்கு அன்றைக்கு வீட்டுப்பாடம் கிடையாது, பள்ளிக்கூடம் மதிய இடைவேளையை அதற்கேற்ப நீட்டியது. வேதக் கோயில்காரர்களும் பள்ளிவாசல்காரர்களும் தங்கள் பிள்ளைகளுக்கும் முறை வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். புதிதாக மாற்றலாகி வந்த பொறியாளர் ஒருவர் இதெல்லாம் என்ன மூடத்தனம் என்று சத்தம் போட்டுவிட்டு, மறுநாள் மதியம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அந்த ஒரு மணி நேரம் குடியிருப்பில் பராமரிப்புப் பணி என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் மகளுக்கும் முறை வந்தது. மனோரஞ்சிதத்தின் மடியில் படுத்து வளர்ந்தவர்கள் திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போன பிறகும், வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா நல்லாருக்கியா என்பதற்கு அடுத்து ‘மனோம்மா வந்துச்சா?’ என்றுதான் கேட்டார்கள்.

பிள்ளைகள் நிறைய இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் அணையில் ஆள் குறைந்தது, பள்ளிக்கூடத்தை மூடினார்கள், பிள்ளை இருக்கிற குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மிச்சமிருப்பது ஓய்வுபெற்றவர்களும், தனிக்கட்டைகளும், ஒரே ஒரு பிள்ளையும். மாதம் ஒருமுறை மடியில் படுத்துவந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தினமும் படுக்கிற தன்ஷிகாவுக்கு ஆக ஆரம்பித்தது.

“பாருங்கக்கா” என்று கலாமணி மகளைக் கூப்பிட்டாள். “கண்ணு, இங்க வா. சோறு திங்கறயா?”

“எனக்குப் பசிக்கவில்லை அக்கா” என்றாள் குழந்தை.

அக்கா என்றது என்னை அல்ல, பெற்ற தாயை. செங்கரட்டில் பிறந்த பிள்ளை, புத்தகத்தில் அச்சடித்தது போலப் பேசியது. நான் அவள் தலையைத் தொட்டுப் பார்த்தேன்; அந்த வெயிலிலும் முடி அடிவேர் வரை ஈரம், பாசி வாசனை. முழங்காலைத் தட்டிப் பார்த்தேன், கால் உதறவில்லை. பிழைப்பு அதுதான் என்பதால் எனக்குத் தெரியும், பிள்ளையின் நரம்பு அடங்கிக்கொண்டு வந்தது. கலாமணியிடம் அதைச் சொல்லாமல் பாவாடையை இழுத்துவிட்டேன்.

மயில்சாமிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது, அந்த வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். போனால் பிள்ளை பிழைக்கும். ஆனால் போன மறுநாள் மதியம் அவள் அடுத்த கதவைத் தட்டுவாள், அங்கே கொடுக்கப் பிள்ளை இருக்காது, அதற்கடுத்த கதவிலும் இருக்காது. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக வந்து நின்று ‘நல்லபடியா போயிட்டு வாங்க’ என்றார்கள். டீக்கடைக்காரர் பிள்ளைக்குத் தேன்மிட்டாய் கொண்டுவந்தார், சரசாள் தட்டுத்தடுமாறி வந்து பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுப் போனாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில்கூட இரண்டு பேர் வந்து அப்படி நின்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் எல்லோருமே நல்லவர்கள், அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

“வேறெதையும் கொடுத்துப் பார்க்கலியா?” என்றேன்.

“எல்லாம் பண்ணிப் பார்த்தாச்சுங்க” என்றார் மயில்சாமி. “பொம்மையச் சுத்திக் கொடுத்தோம், வாங்கிக் கீழ வெச்சுட்டுத் திரும்பக் கேட்டுச்சு. சரசாள் மகன் பெங்களூர்ல இருந்து வந்தான். சின்னப்பையனா இருந்தப்ப அது மடின்னா அவனுக்கு உசுரு. தன்ஷிகாவுக்குப் பதிலா நான் இருக்கறேன்னு அவங்க வீட்டு வராந்தாவுல உக்காந்தான். காதைப் பார்த்துச்சு, எந்திரிச்சுது, திரும்பவும் ‘என் மகள் இங்கே இருக்கிறாளா’ன்னுச்சு. உள்ள சரசாளுக்கு மூக்குல வாயில தண்ணி வருது. ஓடிப்போய் எம் பிள்ளையத்தான் தூக்கிக் கொடுத்தோம்.”

“ஆம்பளை, பெரிய ஆள், அதனால இருக்குமோ?”

“அதில்லீங்க” என்றாள் கலாமணி. “அவனுக்கு அம்மா உள்ளயே நிக்குதுங்களே. பெத்தவ ஒருத்தி உள்ள நிக்கறப்ப அவம் எப்படி இன்னொருத்தி பிள்ளையாவான்? குழந்தைகன்னா அதுக்குத் தெரியாது, மடி கிடைச்சாப் படுத்துக்கும்.”

நான் கை கழுவினேன். எனக்கு உள்ளே யாரும் நிற்கவில்லை. எந்த வீட்டுக்குள்ளும், எப்போதும், எனக்காக ஒருத்தி நின்றதில்லை.

“நாளைக்கு நான் உட்கார்றேன்” என்றேன்.

கலாமணி வேண்டாமென்றாள், சண்டையே போட்டாள். விருந்தாளியைத் தண்ணிக்குக் கொடுத்தாள் என்று ஊர் சொல்லும் என்றாள், அது ஏற்றுக்கொள்ளாவிட்டால் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் நெஞ்சில் தண்ணீர் ஏறும் என்றாள். ஏறினால் பிள்ளையைக் கொடுத்துவிடு, அதுவரை அறைக்குள் வைத்துப் பூட்டு என்றேன். அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் வேண்டாம் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோனதை நான் பார்த்தேன். அதற்காக அவளைக் குறை சொல்லமாட்டேன். பெற்றவள் அப்படித்தான் இருக்க வேண்டும், என்னைப் பெற்றவளும் அப்படி இருந்திருந்தால் எனக்கு இந்த நாவலே வேண்டியிருந்திருக்காது.

மறுநாள் என்னை மனையில் உட்கார வைத்து, தலைசீவி, இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் மைப்பொட்டு வைத்தாள். என் நரைமுடி அவள் விரலில் சுற்றிக்கொண்டது. ஊர் வேலிக்கு அந்தப் பக்கம் கூடி நின்றது. நாய்கள் லாரிக்கு அடியில் போயின, குழாய்கள் உறுமின, அவள் வந்து தட்டினாள். கலாமணியை நகரச் சொல்லிவிட்டு நானே கதவைத் திறந்தேன்.

“என் மகள் இங்கே இருக்கிறாளா?”

ஒரு பொய்யைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “இருக்கேம்மா” என்று வந்தது, வந்த பிறகு பார்த்தால் அது பொய்யாகத் தெரியவில்லை. “எவ்வளவு நேரம்?” என்று கோபமாகக் கேட்டேன். “பூ வாங்க இவ்வளவு நேரமா?” அவளிடம் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை அது, ஆனால் வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

அவள் வராந்தாவில் உட்கார்ந்தாள். நான் முழங்கால் வலியோடு மெதுவாகத் தரையில் இறங்கி, என்னைவிட இருபது வயது சின்னவளான அவள் மடியில் தலையை வைத்தேன். அவள் முடியை ஒதுக்கி இடது காதுக்குப் பின்னால் பார்த்தாள், வலதுக்குப் பின்னால் பார்த்தாள். உள்ளே யாரோ இருமினார்கள், வேலிக்கு அப்பால் ஒருவர் சாமி பேரைச் சொன்னார். அவள் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, பிள்ளையின் முகத்தில் ஒட்டிய சோற்றைத் துடைக்கிற மாதிரி, அந்த இரண்டு மைப்பொட்டுகளையும் அழித்தாள். முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் இந்த ஊர் கொடுத்த பிள்ளைகளையெல்லாம், தன் பிள்ளைகள் அல்ல என்று தெரிந்தே, கொடுத்த மரியாதைக்காக வாங்கி ஆட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இருமல் நின்றது. அவள் ஆட்ட ஆரம்பித்தாள். நான் எத்தனையோ பேரின் உடம்பைத் தொட்டிருக்கிறேன், என்னை அப்படி யாரும் தொட்டதில்லை. நான் சத்தம்போட்டு அழுதேன், வேலிக்கு அந்தப் பக்கம் ஊரே நிற்கிறது என்கிற வெட்கம்கூட இல்லாமல்.

சங்கு ஊதியது. அவள் தூங்கிவிட்டாள் என்று சொல்லவில்லை, நாளை வருகிறேன் என்றும் சொல்லவில்லை. என் கன்னத்தைத் தட்டி, “எந்திரி, வூட்டுக்குப் போலாம்” என்றாள்.

காளிங்கன் அப்படி ஒரு வரியை எழுதவேயில்லை. நான் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தார்ச்சாலையில் இறங்கினாள், ஊர் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள், டீக்கடைக்காரர் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார், ஒருவர்கூடத் தடுக்கவில்லை. பின்னால் அறைக்கதவு திறக்கிற சத்தமும், “அம்மோவ், பசிக்குது, சோறு போடு” என்று ஒரு குழந்தை கத்துகிற சத்தமும் கேட்டது. கலாமணி அந்தக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அழுதுகொண்டே எங்கள் பின்னால் ஓடிவந்தாள்.

“அக்கா, போதுமுங்க! பிள்ளை திரும்பிட்டா! கைய உட்டுட்டு வாங்கக்கா, கைய உடுங்க!”

கரைச் சரிவில் இறங்கினோம். தண்ணீர் முதலில் கணுக்காலுக்கு வந்தது, பிறகு முழங்காலுக்கு வந்தது, முழங்கால் வலி நின்றுபோனது. கலாமணி கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பாவம், அவளுக்கு அங்கிருந்து சரியாகத் தெரிந்திருக்காது. மனோரஞ்சிதத்தின் பிடி இறுக்கமாகவே இல்லை, சாலை கடக்கும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்கிற சாதாரணப் பிடிதான், உதறினால் விட்டிருப்பாள். இறுக்கிப் பிடித்திருந்தது நான்.